வலையமைப்புகளைக் கற்பது எப்படி? ரயில் வரைபடம் முதல் டுரியான் பூ வரை, கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு நெட்வொர்க்கிங் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கேபிள், ரவுட்டர், ஐ.பி. முகவரி என்று நீளும் ஒரு பட்டியல். இன்னொரு புறம், காட்டு மரங்கள் வேர்வழியே பேசிக்கொள்கின்றன என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைப் பார்த்துவிட்டு, உலகமே ஒரு வலைதான் என்று வியந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதலாமவருக்குக் கருவி தெரியும். அதன் பின்னால் இருக்கும் வடிவம் தெரியாது. இரண்டாமவருக்கு வடிவத்தின் மேல் ஆசை. அதில் ஓடுவது என்ன என்று கேட்டால் பதில் வராது. இந்த வழிகாட்டி இருவருக்குமானது. தேவைப்படுபவை சில வெள்ளைத் தாள்கள், ஒரு பென்சில், இணைய வசதியுள்ள கணினி, பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது. கணினியை நான்காம் படிக்குத் தள்ளியிருப்பது வேண்டுமென்றேதான்.

படி 1: நான்கு கேள்விகள்

எந்த வலையமைப்பைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கணு, அதாவது இணைக்கப்படும் புள்ளி, எது? இணைப்பு எது? இணைப்பின் வழியே ஓடுவது எது? ஒன்றை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?

முதல் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1736ஆம் ஆண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் காட்டிவிட்டார். கோனிக்ஸ்பெர்க் நகரில் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்பது கேள்வி. தெரு, வீடு, தூரம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு நான்கு நிலப்பகுதிகளை நான்கு கணுக்களாகவும், பாலங்களைக் கோடுகளாகவும் எடுத்துக்கொண்டார் அவர். ஒரு கணுவுக்குள் நுழைந்தால் வெளியேறவும் வேண்டும். எனவே பாதையின் தொடக்கமும் முடிவும் தவிர மற்றக் கணுக்களில் கோடுகள் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கில் எண்ணிக்கை 5, 3, 3, 3. நான்குமே ஒற்றைப்படை. ஆகவே முடியாது. ஒரு கணுவில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கைக்குப் ‘படிநிலை’ என்று பெயர். இதுதான் முதல் கலைச்சொல்.

படி 2: ரயில் வரைபடத்தை நீங்களே வரையுங்கள்

எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில் நிலையங்கள் அனைத்தையும் வரைய வேண்டாம். பாதை மாறக்கூடிய நிலையங்களையும் அவற்றை அடுத்துள்ளவற்றையும் மட்டும் வரையுங்கள். வண்ணமயமான அதிகாரபூர்வப் படத்தைப் பார்த்து நகலெடுப்பது பயன் தராது. நிலையத்தில் இறங்கி, எத்தனை திசைகளில் அடுத்த நிலையம் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து டாங் வாங்கி, பசார் செனி, பண்டாராயா, பிளாசா ராக்யாட் ஆகிய நான்கு நிலையங்களுக்குப் போகலாம். படிநிலை 4. சான் சோ லினில் இறங்கிப் பாருங்கள். புடு ஒரு பக்கம், அம்பாங் பாதையில் மிஹார்ஜா, ஸ்ரீ பெட்டாலிங் பாதையில் செராஸ், புத்ராஜெயா எம்.ஆர்.டி. பாதையில் டி.ஆர்.எக்ஸ்., கூச்சாய். மொத்தம் 5. தித்திவங்சாவிலும் 5. நகரத்தின் நடுவில் இருப்பதாலேயே ஒரு நிலையம் அதிக இணைப்பு உடையதாகிவிடாது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. படிநிலை என்பது புகழையும் கூட்டத்தையும் அளப்பதன்று.

அடுத்து கே.எல். சென்ட்ரல். இங்கேதான் பென்சில் நிற்கும். கெலானா ஜெயா பாதை, கே.டி.எம். ரயில்கள், விமான நிலைய ரயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மோனோரெயிலுக்கு மட்டும் நியூ சென்ட்ரல் வணிக வளாகத்தின் வழியே நடந்து போக வேண்டும். இந்த நடையை இணைப்பாகக் கோடு போடுவதா, வேண்டாமா? இரண்டும் ஒரே கணுவா, இரு கணுக்களா? பயண நேரம் கணக்கிடுகிறவருக்கு இரண்டு கணுக்களும் இடையில் ‘நடை’ என்ற கோடும் வேண்டும். எந்தப் பேட்டையிலிருந்து எந்தப் பேட்டைக்கு ரயிலில் போக முடியும் என்று மட்டும் பார்ப்பவருக்கு ஒரே கணு போதும். வலையமைப்பு எங்கோ தயாராகக் கிடப்பதில்லை. கேள்விக்கேற்ப நாம் வரைவது அது. என் கணிப்பில், இந்தத் துறையில் வரும் பாதித் தவறுகள் இந்த முடிவை யோசிக்காமல் எடுப்பதால் வருகின்றன.

கோடுகளுக்கு எடையும் கொடுக்கலாம். இரு நிலையங்களுக்கு இடையிலான நிமிடங்களைக் கோட்டின் மேல் எழுதுங்கள். மிகக் குறைந்த நிலையங்கள் உள்ள பாதையும் மிகக் குறைந்த நிமிடங்கள் எடுக்கும் பாதையும் எப்போதும் ஒன்றாக இராது. கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி நொடிக்கு நொடி போடுவது இந்தக் கணக்கைத்தான்.

படி 3: அதே இடத்தில் ஆற்றைப் பாருங்கள்

மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். 1909இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் பின்புறம் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கின்றன. ஊருக்குப் பெயர் வந்ததே இந்தச் சேற்றுக் கூடலால்தான். உங்கள் காலடியில் இருவகை வலையமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஆற்று வலையில் சுற்று கிடையாது. ஓடைகள் கூடி ஆறாகின்றன, ஆறுகள் கூடிப் பேராறாகிக் கடலுக்குப் போகின்றன; எந்தத் துளிக்கும் ஒரே வழிதான். இத்தகைய வடிவத்தை ‘மரம்’ என்பார்கள். மரத்தில் கணுக்களைவிட இணைப்புகள் சரியாக ஒன்று குறைவு. எந்த ஓர் இணைப்பை வெட்டினாலும் வலை இரண்டாகிவிடும். ரயில் வலையில் அப்படியன்று. பசார் செனிக்கும் மஸ்ஜிட் ஜாமெக்குக்கும் இடையில் கோளாறு என்றால், பசார் செனியிலிருந்து எம்.ஆர்.டி.யில் மலூரி போய் அங்கிருந்து அம்பாங் பாதையில் திரும்பி வரலாம். சுற்றுதான், ஆனால் வந்துவிடலாம்.

மர வடிவத்தின் பலவீனம் இந்த நகரத்துக்கு நன்றாகத் தெரியும். மேலே மழை கொட்டினால் அத்தனை நீரும் ஒரே கழுத்து வழியாக வந்து நகர மையத்தை மூழ்கடிக்கும். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்தருகே வெள்ளத்தைப் பிரித்தெடுத்து, 9.7 கிலோமீட்டர் நிலத்தடியில் கொண்டுபோய், தாமான் டேசா நீர்த்தேக்கம் வழியாகக் கெராயோங் ஆற்றில் விடுகிறது அது. கெராயோங் மறுபடியும் கிள்ளானில்தான் சேர்கிறது. மரமாக இருந்த வலையில் பொறியாளர்கள் ஒரு சுற்றைப் போட்டிருக்கிறார்கள். நடுப்பகுதியில் வாகனங்களும் ஓடுகின்றன. கடும் வெள்ளம் வரும்போது அவற்றை வெளியேற்றிவிட்டு அந்தத் தளங்களிலும் நீர் விடப்படும். ஒரே இணைப்பு, நேரத்துக்கேற்ப வேறு வேறு ஓட்டம். மூன்றாம் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

படி 4: வீட்டு ரவுட்டர்

இப்போது கணினியைத் திறக்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று பெரும்பாலும் தெரியும். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி. அதை உலாவியில் இட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வரும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, கண்காணிப்புக் கேமரா, அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசி என்று, மறந்துபோன பொருள்களெல்லாம் அங்கே இருக்கும். அப்படியே, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டு வலை நட்சத்திர வடிவம். நடுக்கணு செத்தால் எல்லாம் செத்தது. 192.168 முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உண்டு. உலகத்தின் கருவிகளுக்கு அது போதாது. ஆகவே ரவுட்டர் ஒரு பொது முகவரியை வீட்டார் அனைவருக்கும் பங்கிட்டுத் தருகிறது.

படி 5: ஒரு பொட்டலத்தைப் பின்தொடருங்கள்

பழைய தொலைபேசி முறையில் பேச்சு முடியும்வரை ஒரு தடம் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. இணையம் அப்படி இயங்குவதில்லை. செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, தனித்தனியே அனுப்புகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பொட்டலம். அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் 1960களில் தனித்தனியே இந்த யோசனைக்கு வந்தார்கள். பேரனின் கவலை அணுகுண்டு. எந்தக் கணு அழிந்தாலும் செய்தி வேறு வழியில் போக வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1969 அக்டோபர் 29 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பப்பட்டபோது இரண்டே எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் மறுமுனைக் கணினி விழுந்துவிட்டது. 1983 ஜனவரி 1 அன்று அந்த வலை, இன்று நாம் பயன்படுத்தும் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. மலேசியாவில் 1992இல் அரசின் மீமோஸ் நிறுவனம் தொடங்கிய ஜாரிங்தான் முதல் இணையச் சேவை. வரலாறு இவ்வளவு போதும், செய்முறைக்கு வருவோம்.

விண்டோஸில் டிரேசர்ட், மேக்கிலும் லினக்ஸிலும் டிரேஸ்ரூட் என்னும் கட்டளையை இட்டு, பக்கத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுங்கள். வரிசையாக வரிகள் வரும். முதல் வரி உங்கள் ரவுட்டர். இரண்டாவது அல்லது மூன்றாவது வரியில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் முகவரி தெரிந்தால், உங்கள் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடக்கூடும்.

இந்தக் கட்டளை வேலை செய்யும் விதம் அழகானது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியம் ஆனதும், அந்த ரவுட்டர் பொட்டலத்தை எறிந்துவிட்டு, ‘ஆயுள் முடிந்தது’ என்று அனுப்பியவருக்குச் செய்தி சொல்லும். வழிதவறிய பொட்டலங்கள் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. டிரேஸ்ரூட் இந்த ஏற்பாட்டைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறது. முதலில் ஆயுள் 1 என்று எழுதி அனுப்புகிறது. முதல் ரவுட்டர் பதில் சொல்கிறது. பிறகு 2, பிறகு 3. இறப்புச் செய்திகளைக் கோத்தே பாதையை வரைந்துவிடுகிறது.

நடுவில் மூன்று நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். அடுத்த வரியில் முகவரி தொடர்ந்தால் பாதை சரியாகவே இருக்கிறது. அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். நட்சத்திரத்தைக் காட்டி வாடிக்கையாளர் சேவையிடம் சண்டை போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நேரத்தைக் கவனியுங்கள். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். போய்வர 5,200. ஆக, 26 மில்லிசெகண்டுக்குக் குறைவாகச் சென்னையிலிருந்து பதில் வரவே முடியாது. சென்னை நாளிதழ் ஒன்றின் தளத்துக்கு, பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை கொடுத்து 8 மில்லிசெகண்டில் பதில் வந்தால், அந்தப் பதில் சென்னையிலிருந்து வரவில்லை. பக்கத்திலேயே நகல் வைத்திருக்கும் ஒரு சர்வரிலிருந்து வருகிறது. எந்த நிறுவனத்தையும் கேட்காமல், ஒரு வகுத்தல் கணக்கால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சில தளங்கள் பிங்குக்குப் பதில் தருவதில்லை, வேறொன்றைப் பாருங்கள்.

படி 6: கடலுக்கு அடியில்

நாடுகளுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோளில் போவதில்லை. கடலடிக் கம்பிகளில் போகிறது. வங்காள விரிகுடா வழியே வரும் ஒரு கம்பி சென்னையையும் பினாங்கையும் இணைக்கிறது. இது புதிய உறவு அன்று. 1870-71இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போடப்பட்டுவிட்டது.

அந்தக் கம்பிகளுக்கு உப்புநீர் புகாத உறை எது தெரியுமா? மலாயாக் காடுகளின் கட்டா பெர்ச்சா மரப்பால். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி 1840களில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கம்பி போட்டபோதும், பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தபோதும் இதே உறைதான். ரப்பரைப்போலச் சீவிப் பால் எடுக்க அந்த மரம் இடம் கொடுக்கவில்லை; வெட்டிச் சாய்த்தார்கள். ஐரோப்பாவின் தந்தி வலை விரிய விரிய, இங்கே காட்டில் ஒரு மரத்தின் வலை அறுந்துகொண்டே வந்தது. நம் பாட்டனார்கள் தோட்டத்தில் சீவிய ரப்பர் அதற்குப் பின்னால் வந்த கதை.

படி 7: மனிதர்களை வரையுங்கள்

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி சொந்த ஊருக்குப் போய், உறவையும் ஊராரையும் அழைத்து வருவார். வந்தவர்களுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தோட்டத்துக்கு வெளியே யாரையும் தெரியாது. நிர்வாகத்தோடு பேசுவதற்கு இருந்த ஒரே இணைப்பு கங்காணி. அடர்த்தியான குழு, ஒற்றைக் கதவு. கதவாக இருப்பவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது படம் போட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். தொழிலாளர் குடியேற்றத்துக்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்ததோடு அந்த முறை முடிந்தது.

அதே காலத்தில் செட்டியார்களின் வலை வேறு வடிவத்தில் இருந்தது. செட்டிநாட்டில் முதலாளி; கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலோ பினாங்கிலோ ரங்கூனிலோ அவருடைய முகவர், அவருக்குக் கீழே அடுத்தாள். முகவர்கள் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள், வேறொருவர் வருவார். ஒரு கிட்டங்கியில் பல நிறுவனத்தாரும் அருகருகே அமர்ந்து தொழில் செய்ததால், ஒருவர் இன்னொருவரிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளவும், உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு மூலம் ஊர்விட்டு ஊர் பணம் மாற்றவும் முடிந்தது. கணுக்கள் மனிதர்கள், ஓடியது பணமும் நம்பிக்கையும். கங்காணியின் வலையில் ஓடியது உழைப்பும் கடனும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். தமிழர் சமூகத்தின் இரு வேறு தலைவிதிகளுக்கு வடிவத்திலேயே ஒரு காரணம் தெரியும். முழுக் காரணம் அதுவே என்று சொல்ல மாட்டேன். முதலீடு யாரிடம் இருந்தது என்பதை எந்தப் படமும் மறைத்துவிட முடியாது.

இதை ஆய்வாக்கியவர்களில் இருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை, வேலை பற்றிய புதுச் செய்தி நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்களிடமிருந்தே வரும் வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கனவே உங்களுக்கும் தெரியும் அல்லவா? இரண்டாமவர் ஸ்டான்லி மில்கிராம். முன்பின் தெரியாத ஒருவருக்கு, தெரிந்தவர் வழியாகவே கடிதம் சேர்க்கச் சொன்ன அவருடைய சோதனையிலிருந்துதான் ‘ஆறு கைகளில் உலகம்’ என்ற பேச்சு பரவியது. மேடைகளில் சொல்லாமல் விடப்படும் பகுதி ஒன்று உண்டு. 1969இல் சக ஆய்வாளர் டிராவர்ஸும் அவரும் வெளியிட்ட கணக்கில், 296 பேரிடம் தொடங்கிய கடிதங்களில் போய்ச் சேர்ந்தவை 64 மட்டுமே. ஆறு என்பது சேர்ந்தவற்றின் கணக்கு.

படி 8: இயற்கைக்குள் போகும்போது கையில் சந்தேகத்தை எடுத்துச் செல்லுங்கள்

பத்துமலைக்குப் போகாத கோலாலம்பூர்த் தமிழர் அரிது. 272 படிகளின் மேற்பகுதியில் இருட்டுக் குகைக்கு வழி பிரியும். அந்தச் சுண்ணாம்புக் குகைகளில் தங்கும் வௌவால்களில் ஒன்று குகைத் தேன் வௌவால். மாலையில் கிளம்பிப் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து பூக்களில் தேன் குடித்துவிட்டுத் திரும்பும். டுரியான் பூ விரிவது சாயங்காலத்துக்கு மேல்; அதற்கு மகரந்தம் கொண்டுவரும் முக்கிய விருந்தாளி இந்த வௌவால். பெரும்பாலான டுரியான் மரங்கள் தம் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு மரத்திலிருந்து யாராவது எடுத்துவர வேண்டும். பெத்தாய் மரத்துக்கும் வௌவால்தான் துணை.

இங்கே ஒரு சிக்கல். டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் வௌவால் எங்கே போகும்? சதுப்புநிலக் கரையில் நிற்கும் பெரெம்பாங் போன்ற மரங்களுக்கு. கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் படகில் போய் மின்மினிகளைப் பார்த்திருப்பீர்களே, அவை கூடி ஒளிர்வதும் பெரெம்பாங் மரங்களில்தான். இப்போது படத்தை வரையுங்கள். குகை, சதுப்பு மரம், டுரியான் தோப்பு மூன்றும் வௌவால் என்ற ஒரே கணுவில் சந்திக்கின்றன. சுண்ணாம்பு மலையைச் சிமெண்டுக்காக உடைத்தாலோ, கடலோரத்தில் இறால் குளம் வெட்டினாலோ, மலையடிவாரத் தோப்புக்காரருக்கு ஏன் காய்ப்பு குறைகிறது என்று புரியாமல் போகலாம். அவர் தோப்பில் ஒரு கிளையைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வகைக்கு ‘இருபகுதி வலையமைப்பு’ என்று பெயர். ஒரு பக்கம் செடிகள், மறுபக்கம் மகரந்தம் சுமப்பவை; கோடு எப்போதும் பக்கம் தாண்டியே போகும். ஒரே கோட்டில் இரண்டு ஓடுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: தேன் வௌவாலுக்கு, மகரந்தம் அடுத்த மரத்துக்கு. பருவத்துக்குப் பருவம் கோடுகள் தோன்றி மறைவதால், மாதத்துக்கு ஒரு படம் வரைவது சிறந்த பயிற்சி.

அடுத்த சனிக்கிழமை கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்துக்குப் போங்கள். காப்பூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சிக் கிளை அடுத்த மரத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்பதும், இடையில் வானம் ஓடைகளைப்போலத் தெரிவதும் கண்ணில் படும். மேலே இணைப்பே இல்லை. மண்ணுக்கு அடியிலோ, அந்த மரக் குடும்பத்தின் வேர்களில் பூஞ்சை இழைகள் பின்னிக் கிடக்கின்றன. மரம் சர்க்கரை கொடுக்கிறது, பூஞ்சை நீரும் தாதுக்களும் கொடுக்கிறது. இதுவரை உறுதி.

இதற்கு மேல் சொல்லப்படுவதைக் கவனமாகக் கேளுங்கள். 1997இல் சுசான் சிமார்ட் குழுவினர், கனடாவில் இருவகை மரக்கன்றுகளுக்கிடையே கரிமம் கைமாறுவதை அளந்து காட்டினார்கள். அங்கிருந்து ‘தாய்மரம் பிள்ளைகளுக்குப் பாலூட்டுகிறது’ என்பது வரை கதை வளர்ந்துவிட்டது. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா ஆகிய மூவர் வெளியான ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து, காட்டில் நேரடியாகக் கிடைத்த சான்று இந்தப் பேச்சுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று எழுதினார்கள். காட்டை இணையம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இணையத்தில் ஓடுவது முகவரி எழுதிய பொட்டலம். பூஞ்சை இழையில் முகவரி ஏது? மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் கேட்பவர்கள் விழும் குழி இதுதான்.

வேறு இரண்டு உதாரணங்களைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். சி. எலிகன்ஸ் என்னும் நுண்புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்புப் படம் 1986இலேயே வெளியாகிவிட்டது. அதன் நடத்தை முழுவதும் இன்னும் அந்தப் படத்திலிருந்து விளங்கிவிடவில்லை. பைசாரம் என்ற, மூளையே இல்லாத உயிரி, டோக்கியோ சுற்றுவட்டார நகரங்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தபோது, அங்குள்ள ரயில் பாதைக்கு நிகரான திறனுள்ள வலையைப் பின்னியதாக 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

படி 9: அறுத்துப் பாருங்கள்

1999இல் ஆய்வாளர்கள் பராபாசியும் ஆல்பர்ட்டும், இணையப் பக்கங்கள் போன்ற பல வலைகளில் மிகச் சில கணுக்களுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள் இருப்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். புதிதாக வருபவர் ஏற்கனவே அதிக இணைப்புள்ளவரோடு சேரவே விரும்புகிறார். உள்ளவருக்கே மேலும் சேர்கிறது. மறு ஆண்டில் அவர்கள் ஜியோங்குடன் சேர்ந்து காட்டியது இன்னும் பயனுள்ளது. அத்தகைய வலையில் குருட்டாம்போக்காகக் கணுக்களை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெரிய கணுக்களாகப் பார்த்து நீக்கினால் வலை சட்டென்று சிதறும்.

மின்சாரம் வேறு மாதிரி. அங்கே ஓர் இணைப்பு விழுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். அவையும் தாங்காமல் விழும். 1996 ஆகஸ்ட் 3 மாலையில் திரங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே தொடங்கிய கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் இருட்டாக்கியது. அதே ஆண்டுகளில் இங்கே வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள். இணையத்தில் வழி மாறும், மின்வலையில் சுமை மாறும், ஆற்றில் எதுவும் மாறாது. உங்கள் ரயில் படத்தில் ஒவ்வொரு கணுவாக அழித்து, எத்தனை துண்டாகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

படி 10: கருவிகளும் சொந்த ஆய்வும்

கெஃபி என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள். விரிதாளில் இரண்டு நெடுவரிசைகள் போதும்: எங்கிருந்து, எங்கே. சோர்ஸ், டார்கெட் என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து உள்ளே இழுத்தால் படம் வந்துவிடும். பைத்தான் தெரிந்தவர்கள் நெட்வொர்க்எக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தலாம். குறுகிய பாதைகளில் எத்தனை ஒரு கணுவின் வழியே போகின்றன என்ற இடைமை மதிப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள்; படிநிலை குறைந்த சில நிலையங்கள் திடீரென்று மேலே வரும். கங்காணி இருந்த இடம் அது.

வேலைக்காகப் படிப்பவர்கள் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசரில் கற்பனை வலைகளைக் கட்டிப் பழகலாம். கணக்கு தொடங்கினால் இலவசம். வயர்ஷார்க் உங்கள் கணினி அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும். அதைச் சொந்த வலையில் மட்டும் பயன்படுத்துங்கள். கடையிலோ அலுவலகத்திலோ பிறர் போக்குவரத்தை ஒட்டுக்கேட்பது குற்றம். கணினிக் குற்றங்களுக்கென்றே 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது.

பிறகு ஒரு சொந்த ஆய்வு. என் பரிந்துரை, உங்கள் தாமானில் உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. முட்டைக்கோஸ் கேமரன் மலையிலிருந்து வந்திருக்கலாம், செலாயாங் மொத்தச் சந்தையில் கைமாறியிருக்கலாம். பருப்பும் மிளகாயும் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். கூட்டம் குறைந்த பிற்பகல் மூன்று மணிக்குப் போய், கடைக்காரரின் சம்மதம் கேட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது யாரிடமிருந்து வருகிறது?’ அந்த ‘யாரிடம்’ போய் அதே கேள்வி. ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். ‘காய்கறி 1’, ‘மளிகை 2’ என்று குறியிடுங்கள். கோட்டின் மேல் எத்தனை நாளுக்கு ஒரு முறை சரக்கு வருகிறது என்பதைப் போடுங்கள். எல்லாம் முடிந்தபின், கேமரன் மலைக்குப் போகும் தாப்பா சாலையில் மண் சரிந்ததாக வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை அழியுங்கள். சிம்பாங் பூலாய் வழியாக வரும் கோட்டையும் அழித்துப் பாருங்கள். எத்தனையாம் நாளில் இலையில் எந்தப் பொரியல் காணாமல் போகும் என்று எழுதி, கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் படத்தில் இரண்டு கோடுகளைத் திருத்துவார்.